கார் ரிப்பேர்: நீங்களே பண்ணலாமா, மெக்கானிக்கிட்ட விடணுமா? எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது? முழு விவரம்

சனிக்கிழமை காலை. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பணும். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. யூடியூபில் தேடினால் 8 நிமிஷ வீடியோ ஒன்று, 'ரொம்ப ஈஸி, நீங்களே பண்ணிடலாம்' என்கிறது. மெக்கானிக்குக்கு போன் போட்டால், 'வண்டியைக் கொண்டு வாங்க சார், பார்த்துட்டு சொல்றேன்' என்கிறார். வண்டி ஓடினால்தானே கொண்டு போக முடியும்?

இந்த மாதிரி நேரத்தில் நாமே கை வைப்பதா, காசு கொடுத்து ஆளைக் கூப்பிடுவதா என்ற குழப்பம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும். சில வேலைகளுக்கு மெக்கானிக்கைத் தேடிப் போவது வீண் செலவு. சில வேலைகளில் நாம் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பார்க்கலாம்.

முதலில் இந்த 5 கேள்விகள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. நான் தப்பாகச் செய்துவிட்டால் யாருக்காவது அடிபடுமா? 'ஆமாம்' என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மற்ற 4 கேள்விகளுக்கே போக வேண்டாம்.

2. பாதியில் மாட்டிக்கொண்டால் வண்டியை மெக்கானிக் ஷெட் வரை ஓட்டிப் போக முடியுமா? முடியாது என்றால் டோ வண்டிச் செலவும் உங்கள் தலையில்தான்.

3. என்ன கோளாறு என்று உறுதியாகத் தெரியுமா, இல்லை ஊகமா? பாகத்தை மாற்றுவது ஒரு வேலை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. மெக்கானிக்கின் அனுபவத்துக்கு நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுக்குத்தான்.

4. இதற்கான டூல்ஸ் இருக்கிறதா? இல்லையென்றால், வாங்கும் டூலை மறுபடி பயன்படுத்துவேனா?

5. வண்டி வாரன்டியில் இருக்கிறதா? இன்சூரன்ஸ் கிளெய்ம் சம்பந்தப்பட்ட சேதமா?

தாராளமாக நீங்களே பண்ணலாம்

ஏர் ஃபில்டர்: பானட்டைத் திறந்தால் இன்ஜின் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். பல சிறிய கார்களில் நாலைந்து கிளிப்பையோ ஸ்க்ரூவையோ கழற்றினால் ஃபில்டர் கையில் வந்துவிடும். பழையது எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியே புதியதை வைத்து மூட வேண்டும். பத்து நிமிஷ வேலை.

ஏ.சி. கேபின் ஃபில்டர்: ஏ.சி. காற்று குறைவாக வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஃபில்டர் ஓரத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். காற்று போகும் திசை அது. திருப்பி மாட்டிவிடாதீர்கள்.

வைப்பர் பிளேடு: கண்ணாடியில் கோடு கோடாக விழுந்தாலோ, 'கீச் கீச்' என்று சத்தம் வந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பிளேடைக் கழற்றியதும் வைப்பர் கைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள். ஸ்பிரிங்கோடு அது கண்ணாடியில் 'படார்' என்று விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

ஃப்யூஸ்: சார்ஜர் சாக்கெட், ஹாரன், பவர் விண்டோ திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம். எந்த ஃப்யூஸ் எதற்கு என்று ஃப்யூஸ் பாக்ஸ் மூடியிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ இருக்கும். நிறத்தை வைத்தே ஆம்பியரைக் கண்டுபிடிக்கலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த அளவு இருந்ததோ அதே அளவைத்தான் போட வேண்டும். '10 திரும்பத் திரும்பப் போகுது, 20 போட்டுப் பார்ப்போம்' என்ற யோசனை வேண்டவே வேண்டாம். ஃப்யூஸ் போகவில்லை என்றால் ஒயர் சூடாகும். கார் தீப்பிடிக்க அதுவே போதும். புது ஃப்யூஸும் உடனே போகிறதென்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஹெட்லைட் பல்பு: ஹாலஜன் பல்பு என்றால் கண்ணாடிப் பகுதியை வெறும் கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். துணியால் பிடித்து மாட்டுங்கள். கம்பெனி போட்டிருக்கும் வாட் அளவைத் தாண்டாதீர்கள்.

வாராவாரம் 5 நிமிஷ செக்கப்: இன்ஜின் ஆயில், கூலன்ட், வைப்பர் தண்ணீர், டயர் காற்று. ஆயிலைச் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று அளவுக்கு மேல் ஊற்றுவதும் இன்ஜினுக்குக் கெடுதல்தான். டயர் காற்று அளவு, பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும்.

கத்துக்கிட்டுப் பண்ணலாம், ஆனால் கவனம்!

ஸ்டெப்னி மாற்றுவது: கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை. வரிசை ரொம்ப முக்கியம்.

சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள் (ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'). ஹசார்ட் லைட் எரியட்டும். எல்லோரையும் வண்டியை விட்டு இறக்கிவிடுங்கள். மாற்றப்போகும் டயருக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்குங்கள். ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் இறுக்கி, வண்டியைக் கீழே இறக்கிய பிறகு எதிரெதிர் நட்டாக முழுசாக இறுக்க வேண்டும். 50 கி.மீ. ஓடிய பின் ஒரு தடவை நட்டுகளைச் சரிபாருங்கள்.

ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி உடம்பின் எந்தப் பாகத்தையும் காருக்கு அடியில் கொண்டு போகாதீர்கள். ஜாக்கி நழுவினால் சுதாரிக்க நேரம் இருக்காது.

ஹைவேயில், வண்டிகள் பறக்கும் பக்கத்து டயர் பஞ்சரானால் உட்கார்ந்து மாற்ற முயற்சிக்காதீர்கள். மெதுவாக உருட்டியாவது பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போங்கள். ரிம் வளைந்தாலும் பரவாயில்லை. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

பேட்டரி: ஆரம்பத்தில் சொன்ன 'டிக் டிக்' சத்தத்துக்கு வருவோம். பெரும்பாலும் பேட்டரி இறங்கியதன் அறிகுறி அது. சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது. ஜம்ப் ஸ்டார்ட் செய்து இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். அப்போதும் 12-லேயே நின்றால், புது பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் பேட்டரி வாங்குவதைத் தடுக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட் வரிசை: சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை ஸ்டார்ட் ஆகாத காரின் இன்ஜினில், பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி வரலாம். பேட்டரியில் இருந்து வரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பதால்தான் அதைத் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள்.

பேட்டரியை மாற்றும்போது மைனஸை முதலில் கழற்றணும், கடைசியில் மாட்டணும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார் என்றால் சாதாரண பேட்டரி சரிப்பட்டு வராது. என்ன வகை என்று மேனுவலைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

கூலன்ட்: சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் உள்ளே உப்பு படியும், துரு பிடிக்கும். கூலன்ட் அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் எங்கோ லீக். மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஆயில் மாற்றுவது லாபமா?

'நானே ஆயில் மாத்துறேன்' என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும். சர்வீஸ் பில்லில் பெரிய தொகை ஆயிலுக்கும் ஃபில்டருக்கும்தான். அதை நீங்களும் கடையில் வாங்கியே ஆகணும். மிச்சமாவது லேபர் மட்டும்.

உதாரணத்துக்கு, லேபர் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிலை வடிக்க வண்டியைப் பத்திரமாக உயர்த்த ஜாக் ஸ்டாண்டு, ஃபில்டர் ஸ்பேனர், டிரே, டார்க் ஸ்பேனர் என்று 5,000 ரூபாய் செலவு செய்தால், வருஷத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸ் என்ற கணக்கில் முதலைத் திரும்ப எடுக்கவே 10 வருஷம் ஆகும். ட்ரெயின் போல்ட்டை ரொம்ப இறுக்கி மரை போய்விட்டால் அந்த லாபமும் போச்சு.

இன்னொரு சிக்கல், வடித்த ஆயிலை என்ன செய்வது? 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக்கூடாது. ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே கேபின் ஃபில்டரை எடுத்துக்கொண்டால் டூல் செலவே இல்லை. மிச்சமாகும் லேபர் முழுக்க உங்களுக்கே. காசு மிச்சம் பண்ண நினைத்தால் இந்த மாதிரி வேலைகளில் ஆரம்பியுங்கள்.

கண்டிப்பாகத் தொடக்கூடாதவை

பிரேக்: பேட், ஷூ, ஹோஸ், பிரேக் ஆயில் எதுவானாலும் தெரிந்தவரிடம் விடுங்கள். பிரேக் லைனில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வீட்டு வாசலில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது சரியாக இருப்பது போலத்தான் தெரியும். அவசரமாக மிதிக்கும்போதுதான் உண்மை தெரியும். அந்த ஒரு தப்புக்கு ரோட்டில் போகிற யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏர்பேக், ஸ்டீயரிங்: 2019 ஜூலை முதல் புதிய கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஸ்டீயரிங் கவரைக் கழற்றுவது, மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயரை நோண்டுவது எல்லாம் ஏர்பேக்கைத் திடீரென்று வெடிக்க வைக்கலாம். அல்லது விபத்து நேரத்தில் அது விரியாமலே போகலாம்.

ஏ.சி. கேஸ்: கேஸ் நிரப்பும் முன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் பம்ப் வைத்து எடுக்கணும். கேஸ் கையில் பட்டால் தோல் உறைந்து காயமாகும். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ லீக் என்றுதான் அர்த்தம். லீக்கைப் பார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு கேபிள்: ஆரஞ்சு நிறம் என்றாலே ஹை வோல்டேஜ். சாதாரண கார் பேட்டரியின் 12 வோல்ட் வேறு, இது வேறு. தொட்டால் உயிர் போகும்.

சி.என்.ஜி. கிட்: வாசனை வந்தால் வால்வை மூடிவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, அங்கீகரிக்கப்பட்ட சென்டரைக் கூப்பிடுங்கள். சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்யணும்.

மழை வெள்ளத்தில் கார் மூழ்கினால்?

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று சென்னைவாசிகள் பட்ட பாடு மறக்காது. தண்ணீர் வடிந்ததும் நாம் முதலில் செய்யும் காரியம், 'ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவது. அதைச் செய்யவே கூடாது.

சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாது. காற்று மாதிரி தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினே போய்விடலாம். அதோடு, தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி பொதுவாக ஏற்காது. அதற்கு 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் வேணும்.

எனவே சாவியைத் தொடாமல் போட்டோ, வீடியோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டோ செய்து கொண்டு போங்கள். விபத்துச் சேதத்துக்கும் இதே விதிதான். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற வேண்டாம்.

'செக் இன்ஜின்' லைட் எரியுதா?

ஆன்லைனில் குறைந்த விலைக்கு ஓ.பி.டி. ஸ்கேனர் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் போர்ட்டில் சொருகி, மொபைல் ஆப்பில் கோளாறு கோடைப் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் கோடு சொல்வது நோயின் அறிகுறியை, எந்தப் பாகத்தை மாற்றணும் என்பதை அது சொல்லாது. உதாரணமாக 'பி0171' என்று வந்தால், காற்றோடு ஒப்பிடும்போது பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று அர்த்தம். காரணம் ஒரு ரப்பர் குழாய் விரிசலாக இருக்கலாம், அழுக்கான சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். கோடைப் பார்த்ததும் சென்சார் ஆர்டர் போடாதீர்கள். கோடை எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள், பேச்சு தெளிவாக இருக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். ஆயில் விளக்கு, டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைக்கணும். 'பக்கத்துல ஷெட் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டியதால் இன்ஜின் வேலைக்கு வந்த வண்டிகள் ஏராளம். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினாலும் ஓட்டுவதைத் தவிருங்கள்.

வாரன்டி இருக்கும்போது வெளியில் ரிப்பேர் பண்ணலாமா?

பல்பு, வைப்பர் மாற்றுவதால் பொதுவாகப் பிரச்சினை வராது. ஆனால் ஒயரை வெட்டி எக்ஸ்ட்ரா லைட், ஹாரன் மாட்டினால் எலக்ட்ரிக்கல் வாரன்டியில் கை வைப்பார்கள். எக்ஸ்டெண்டட் வாரன்டி வாங்கியிருந்தால் குறித்த இடைவெளியில் கம்பெனி சர்வீஸ் செய்திருக்கணும் என்ற நிபந்தனை இருக்கும். வாரன்டி புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வெளி மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் செய்தது தொடர்பான வழக்கில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸ், ஸ்கேனிங் கருவிகள் வெளி ஷெட்டுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் போனால் இதையெல்லாம் கேளுங்கள்

* வேலை ஆரம்பிக்கும் முன் உத்தேசச் செலவு எவ்வளவு? ஸ்பேர் தனி, லேபர் தனியாக எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் கூடப் போதும்.
* கூடுதல் வேலை வந்தால் போன் பண்ணிக் கேட்ட பிறகே செய்யணும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
* கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். புதிய பாகத்தின் பெட்டியையும் பாருங்கள்.
* ஸ்பேரை நானே வாங்கித் தரலாமா என்று கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் கடைகளில் விலையை ஒப்பிடலாம். ஆனால் நீங்கள் வாங்கிக் கொடுத்த பாகம் சீக்கிரம் போனால் மெக்கானிக் பொறுப்பேற்க மாட்டார். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கினால் கண்ணாடி, கதவு, கைப்பிடி மாதிரி சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டீயரிங் பாகங்களைப் பழசாக வாங்க வேண்டாம்.
* வேலைக்கு எத்தனை நாள் கேரன்டி? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கம்பெனி சர்வீஸோ, வெளி ஷெட்டோ, ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அப்போது கையில் பில் இருக்கணும். 'பில் இல்லேன்னா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்' என்ற பேச்சுக்குத் தலையாட்டினால், பின்னால் கேட்பதற்கு ஆதாரமே இருக்காது.

சட்டென்று முடிவெடுக்க

* மேலிருந்து கை எட்டும், கிளிப்பும் ஸ்க்ரூவும் மட்டும்தான் என்றால்: நீங்களே பண்ணலாம்.
* காருக்கு அடியில் படுக்கணும் என்றால்: ஷெட்டுக்குக் கொண்டு போங்கள்.
* வண்டியை நிறுத்துவது, திருப்புவது, விபத்தில் காப்பாற்றுவது சம்பந்தப்பட்டது என்றால்: மெக்கானிக்தான்.
* என்ன கோளாறு என்றே தெரியவில்லை என்றால்: கண்டுபிடிக்க மட்டும் மெக்கானிக்கிடம் காட்டி, அதற்கான காசைக் கொடுங்கள். அதன்பிறகு எதை யார் செய்வது என்று முடிவு செய்யலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, ஸ்டெப்னியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர் வண்டியில் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் கார் ஓட்டும் மற்றவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ராத்திரி நேரத்தில் நடுவழியில் டயர் பஞ்சரானால் அவர்களுக்கும் கைகொடுக்கும்.